இல்லாத அசலைத் தேடுகிறவர்கள்

டப்பிங் குரல் போலி, நடிகரின் சொந்தக் குரலே அசல் என்பது திரைப்பட ரசிகர்களிடம் வேரூன்றிய எண்ணம். இத்தாலியப் படங்களிடம் இந்த எண்ணம் செல்லாது. 1940கள் முதல் 1970கள் வரை அங்கே எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் குரல் சேர்த்தார்கள். களத்தில் யார் எந்த மொழியில் பேசினாலும் கவலையில்லை. இயக்குநர் ஃபெலினி சில நடிகர்களை வசனத்துக்குப் பதில் எண்களைச் சொல்ல வைத்தார்.

செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) படத்தின் இத்தாலியப் பதிப்பில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குக் குரல் கொடுத்தவர் என்ரிகோ மரியா சலெர்னோ. அப்படியானால் ஆங்கிலப் பதிப்பே அசல் என்று வாதிடுவோர் உண்டு. அதிலும் ஈஸ்ட்வுட் பேசுவது களத்தில் பேசியதல்ல. பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் உதட்டசைவைப் பார்த்துத் தானே பேசியது. துணை நடிகர்கள் பலருக்கு உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போவது அந்தப் பதிப்பில் கண்ணுக்கே தெரியும்.

குரலைத் தேர்வதும் இயக்குநரின் வேலைதான். ‘லா ரிகோத்தா’வில் (1963) இயக்குநர் வேடத்தில் வரும் ஆர்சன் வெல்ஸுக்கு, அந்தப் படத்தை எடுத்த பசோலினி பேச வைத்தது ஒரு நாவலாசிரியரை: ஜார்ஜியோ பஸ்ஸானி. ஆள் கிடைக்காமல் செய்த ஏற்பாடல்ல அது.

நேரடி ஒலியோடு முடிந்த அயல்நாட்டுப் படத்தின் மேல் வேறு குரலை ஏற்றுவது தனி விவகாரம். ‘காசாபிளாங்கா’வின் நாயகன் ரிக் எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் கடத்தியவன், இத்தாலிய டப்பிங்கில் அது சீனாவாக மாறியது. எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தது பார்வையாளருக்கு நினைவுக்கு வரக்கூடாதல்லவா! இந்தத் தில்லுமுல்லைக் கண்டிப்பது நியாயம். அதைக் காட்டி எல்லா டப்பிங்கையும் தள்ளுவது நியாயமல்ல.

விஸ்கொந்தியின் ‘இல் கத்தோபார்தோ’ (1963) இதற்கு நல்ல சான்று. சிசிலியப் பிரபுவாக நடித்த அமெரிக்கர் பர்ட் லங்காஸ்டர் இத்தாலியப் பதிப்பில் கொர்ராதோ கைபாவின் குரலில் பேசுகிறார். பிரெஞ்சுக்காரரான அலென் தெலோனுக்கும் இரவல் குரல். துனிசியாவில் பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்த கிளாடியா கார்டினாலேவுக்கும் அப்படியே. கான் விழாவின் உயரிய விருதைப் பெற்ற படம் இது. லங்காஸ்டரின் சொந்தக் குரல் வேண்டுமென்றால் அமெரிக்க வெளியீட்டைத்தான் பார்க்க வேண்டும். அது வெட்டிக் குறைக்கப்பட்டது. அதைத் தன் படமென்று ஏற்க விஸ்கொந்தி மறுத்துவிட்டார்.