சிறையா? சிகிச்சையா?



போதைக்காகத் திரும்பத் திரும்பத் திருடி மாட்டுகிறவரைத் திரும்பத் திரும்ப ஜெயிலில் போடுகிறார்கள். "நல்லா வேணும்" என்று நாமும் சொல்கிறோம். ஆனால் ஜெயில் திருட்டுக்குத்தான் தண்டனை, போதைக்கு மருந்து இல்லை. வெளியே வந்த அன்றைக்கே பழைய கூட்டாளி, பழைய கடை. மறுபடியும் வீட்டுக் குடம் அடகுக்குப் போகும். அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் தலை குனிந்து உட்காரும். அது என்ன தப்பு பண்ணுச்சு?

நம் நாட்டில் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் 39-ஆம் பிரிவு ஒரு வழி சொல்கிறது. போதைப்பொருள் பயன்படுத்தி அகப்பட்டவர் அதற்கு அடிமையாக இருந்தால், அவர் சம்மதத்தோடு நீதிபதி ஜெயிலுக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஆனால் குடிப்பதற்காகத் திருடினவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவருக்கும் இப்படி ஒரு வழி வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் மயாமியில் 1989-லேயே போதை வழக்குகளுக்குத் தனி கோர்ட் தொடங்கினார்கள். சிகிச்சை ஒழுங்காக நடக்குதா என்று நீதிபதியே கூப்பிட்டு விசாரிப்பார்.

"அப்போ பொருளைப் பறிகொடுத்தவங்க கதி?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். குணமானதும் வேலை செய்து நஷ்டத்தைக் கட்டட்டும். சிகிச்சையிலிருந்து ஓடினால் ஜெயில்தான். போதைப்பொருள் விற்கிறவனுக்கு இந்தச் சலுகை கூடவே கூடாது.

காய்ச்சல்காரனை அடித்தால் காய்ச்சல் இறங்குமா? சிந்திப்பீர்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி