‘வாசிக்கிறத நிறுத்துங்க’ என்பது வைத்தியமா?

கொஞ்சம் நீளமான இழை. கை வலியோட ஒரு அம்மாவோ அப்பாவோ பாட்டு வாத்தியாரோ உங்க வீட்ல இருந்தா பொறுமையா படிச்சிடுங்க.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஓ.பி.க்கு ஒரு அம்மா வந்தாங்க. வயசு 68. விருதுநகர்ல நாற்பது வருஷமா பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக் கொடுக்கிறவங்க. இடது கை ஆள்காட்டி விரலை மடக்கினால் மாட்டிக்கொள்கிறது. இன்னொரு கையால் பிடித்து இழுத்தால்தான் ‘டக்’ என்று நிமிர்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து உதறுகிறார்கள்.

எனக்கு முன்னாடி மூன்று டாக்டர்களைப் பார்த்திருந்தார்கள். மூன்று சீட்டிலும் ஒரே விஷயம்: வலி மாத்திரை, ஓய்வு. மூன்றாமவர் வாய்மொழியாக ஒன்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார்: "இந்த வயசுல எதுக்கும்மா வீணை? வாசிக்கிறத நிறுத்துங்க, சரியாயிடும்."

நிறுத்திட்டாங்க. எட்டு மாசம். வீணைக்கு உறை போட்டு மூலையில் சாய்த்துவிட்டார்கள். பிள்ளைகளையும் அனுப்பிவிட்டார்கள். விரல் சரியாகவில்லை. மரத்துப்போவது அதிகமானதுதான் மிச்சம்.

நான் சர்க்கரை பார்க்கச் சொன்னேன். சாப்பிடாமல் எடுத்ததே 210.

விரல் மாட்டிக்கொள்வதும், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதும் சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும். எம்.பி.பி.எஸ். புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்று பேரில் ஒருவருக்குக்கூட ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஏன்னா பழி போட வீணை இருந்துச்சு, வயசு இருந்துச்சு.

இதை எழுதுற நானும் யோக்கியன் இல்லை. ஹவுஸ் சர்ஜன் காலத்தில் எத்தனை சீட்டில் ‘கை வலி’ என்று ஒரு வரி எழுதி, டைக்ளோஃபெனாக் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

இத்தாலியில் ரமாஸினி என்று ஒரு மருத்துவர். 1700-இல் தொழிலால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் கேளுங்கள் என்றார்: ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ நாள் முழுக்க எழுதும் குமாஸ்தாக்களின் கை ஓய்ந்துபோவதைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார். முந்நூறு வருஷம் ஆச்சு. நம்ம ஓ.பி. சீட்டில் வயசுக்கு இடம் இருக்கிறது, அப்பா பேருக்கு இடம் இருக்கிறது. தொழிலுக்கு இடம் இருந்தாலும் காலியாகத்தான் கிடக்கிறது.

சரி, வீணை வாசிக்கும்போது கைக்கு என்னதான் ஆகிறது?

இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை மேளத்தின் மேல் அழுத்துவதோடு நிற்பதில்லை. கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. ஒரு ஸ்வரத்தில் நின்றுகொண்டு அதற்கு மேலே இரண்டு மூன்று ஸ்வரம் வரை இழுத்து எடுப்பார்கள். கேட்க நமக்குச் சுகம், விரலை மடக்கும் தசைநாருக்கு அது பாரம். அந்தத் தசைநார் விரலின் அடியில் ஒரு குறுகிய வளையம் வழியாகப் போய் வருகிறது. வளையம் தடித்தால் நார் மாட்டிக்கொள்ளும். வலது முன்கையோ குடத்தின் விளிம்பில் அழுந்தியபடி இருக்க, மணிக்கட்டு மணிக்கணக்கில் மடிந்தே இருக்கிறது.

வயலினில் கதை வேறு. இடது முழங்கை மடங்கியே இருப்பதால் முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு இழுபடும். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் அந்த நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து ராத்திரி எழுப்பினால் மணிக்கட்டு நரம்பு. பாட்டில் மூடி திறக்கும்போது கட்டைவிரல் அடியில் சுரீர் என்றால் அங்கே மூட்டுத் தேய்மானம் இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, ஒரு மணி நேரம் ஆகியும் மடங்க மறுத்தால் அதைத் தேய்மானம் என்று விடாதீர்கள். அது முடக்குவாதமாக இருக்கலாம். அதன் மருந்தே வேறு, சீக்கிரம் ஆரம்பித்தால்தான் மூட்டு பிழைக்கும்.

வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் சுருண்டுகொள்கிறதா? காபி டம்ளர் பிடிக்கும்போது ஒழுங்காக இருக்கிறதா? அது விரல் கோளாறு இல்லை. மூளை அந்த அசைவுக்கு அனுப்பும் கட்டளை குழம்பியிருக்கிறது. லியோன் ஃப்ளைஷர் என்ற பியானோ மேதைக்கு 1960-களில் வலது கை இப்படித்தான் போனது. முப்பது வருஷம் கழித்துத்தான் இரண்டு கையாலும் மேடைக்குத் திரும்பினார். இப்படி ஒருவரிடம் போய் "சாதகம் போதல, இன்னும் ரெண்டு மணி நேரம் உட்காருங்க" என்று சொல்லும் குருமார்கள் இருக்கிறார்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், சொல்லாதீங்க.

கை எரிய எரிய வாசிப்பதுதான் தவம் என்ற பேச்சும், வலிச்சா நிறுத்திடு என்ற பேச்சும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. கையைத் தொட்டுப் பார்க்க இரண்டு பேருக்குமே நேரமில்லை.

அமெரிக்காவில் 1986-இல் சிம்பொனி இசைக்குழுக்களில் வாசிப்பவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். பதில் சொன்ன 2,212 பேரில் 76 சதவீதம் பேர், வாசிப்பையே பாதிக்கிற உடல் பிரச்சினை ஏதோ ஒன்று தங்களுக்கு இருப்பதாகச் சொன்னார்கள். அங்கெல்லாம் இசைக் கலைஞர்களுக்கென்றே மருத்துவச் சங்கங்களும் கிளினிக்குகளும் இருக்கின்றன. நம்ம ஊரில் பொன்னாடை இருக்கிறது.

"வயசாயிடுச்சு"ன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு பேரைச் சொல்றேன். செல்லோ மேதை பாப்லோ கஸால்ஸ் 1971-இல் ஐ.நா. சபையில் வாசித்தபோது வயசு 94. நம்ம வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம், 1928-இல் பிறந்து 2022-இல் மறைந்தவர், முதுமையிலும் வில்லை விடவில்லை. 2021-இல் பத்மஸ்ரீ. வில்லுக்கும் நாண் உண்டு, அதுவும் தந்தி வாத்தியம்தான் என்பது என் கட்சி. சாத்தூர் பிச்சைக்குட்டி பாடிய மண்ணில் இருந்துகொண்டு, கொடை சீசனில் விடிய விடிய வீசுகோல் பிடிக்கிறவரின் மணிக்கட்டைப் பற்றி ஒரு டாக்டரும் கேட்பதில்லை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வீங்கி வருவார்கள். "சுளுக்கு"ன்னு எண்ணெய் போட்டு நீவி, இன்னும் வீங்க வைத்துக்கொண்டு வருவார்கள்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

அன்னைக்கு வீணை டீச்சருக்குப் பக்கத்தில் அதே பெஞ்சில் இன்னொரு அம்மா. வயசு 55, சிவகாசிப் பக்கத்துக் கிராமம். அவர்களுக்கும் விரல் மாட்டிக்கொள்கிறது. ராத்திரி மரத்துப்போகிறது. வலது உள்ளங்கையில் கட்டைவிரல் மேடு வற்றிப் பள்ளமாகிவிட்டது. நரம்பு நெரிபட்டுப் பல வருஷம் ஆனால்தான் இப்படி ஆகும். இருபது வருஷம் சரம் பின்னிய கை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்ட பிறகு திரி செருகுகிறார்கள், பெட்டி போடுகிறார்கள். எல்லாமே எண்ணிக்கைக்குக் கூலி.

சிவகாசிக் கை என்றால் நமக்குத் தீக்காயம்தான் ஞாபகம் வரும். வெடித்தால் செய்தி, நிவாரணம், அமைச்சர் வருகை. அந்தக் காயங்களைப் பார்த்திருக்கிறேன், சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெடிக்காமலே, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை அதே நுள்ளு, அதே திருகு என்று தேய்கிற கைகள் பல மடங்கு. இவர்களிடமும் டாக்டர் சொல்வது அதே வார்த்தை: "ஓய்வு எடுங்கம்மா." ஓய்வு எடுத்தால் சனிக்கிழமைச் சம்பளத்தை அந்த டாக்டரா தருவார்?

அதனால அவங்க ஓய்வு எடுக்க மாட்டாங்க. மெடிக்கல்ல போய் "கை வலிக்கு ரெண்டு செட் குடுங்க"ம்பாங்க. அந்தச் செட்டில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். வலி பறந்துபோகும். சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், வருஷக்கணக்கில் போட்டால் கிட்னிக்கும் கேடு. மாட்டிக்கொண்ட விரலின் உறைக்குள் சிறப்பு மருத்துவர் அளந்து போடும் ஒரு ஸ்டீராய்டு ஊசி நல்ல வைத்தியம். வலிக்கும்போதெல்லாம் இடுப்பில் கேட்டு வாங்கிப் போடுவது வைத்தியமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு நெரிபடுவது பெயரோடு இருக்கிறது. நம்ம 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஈய நஞ்சு இருந்தது, சிலிக்கோசிஸ் இருந்தது, பஞ்சுத் தூசி நோய் இருந்தது. தேய்ந்த கை இருக்கவில்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது? மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள், ஒரு அறை, ‘கை கிளினிக்’ என்று ஒரு பலகை. பெரிய செலவில்லை. இயன்முறை மருத்துவர் ஒருவர், மணிக்கட்டுப் பட்டை கொஞ்சம், ‘என்ன வேலை பார்க்கிறீங்க’ன்னு கேட்க ஒரு வாய். அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களும் வருவார்கள், பாருங்கள்.

வீணை டீச்சருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. விரலுக்கு ஒரே ஒரு ஊசி, ராத்திரிக்கு மணிக்கட்டுப் பட்டை. மிச்ச வைத்தியம் செய்தது நான் இல்லை, மேளம் கட்டுகிறவர். மெழுகைப் பிரித்து மேளத்தைத் திரும்பக் கட்டி, தந்தி உயரத்தைக் குறைத்து, மெல்லிய தந்தி போட்டுக் கொடுத்தார். சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கொண்டார்கள். கால் மணி நேரம் வாசிப்பு, அஞ்சு நிமிஷம் கையைத் தொங்கப்போட்டு உட்காருவது. நாலு பிள்ளைகள் திரும்ப வருகிறார்களாம். போன வாரம் ரெவ்யூவுக்கு வந்து, இடது விரல் நுனியில் பழைய தந்தித் தழும்பு மறுபடி கறுக்கிறதைக் காட்டினார்கள்.

சிவகாசி அம்மாவுக்கு நரம்புப் பரிசோதனை எழுதிக்கொடுத்தேன். ஆபரேஷன் தேவைப்படும், இன்னும் தள்ளிப்போட்டால் போன பலம் திரும்பாது என்று சொன்னேன். ஒரு மாசம் கை ஓயணுமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். தீபாவளி ஆர்டர் முடியட்டும் டாக்டர்னாங்க. இன்னும் வரல.