ஒரிஜினல் எண்டு ஒண்டும் இல்லை

யாழ்ப்பாணத்தில் இப்போது பழைய கார் திருத்துவது ஒரு பாஷனாகிவிட்டது. நல்ல விசயந்தான். வளவின் மூலையில் கிடுகுக்குக் கீழே கோழி அடைகிடந்த மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ40 சொமசெற்களும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் ஓடுகிற எதுக்கும் விலை இருந்தது, பிறகு ஓடாததுக்கும் விலை வந்தது. கொழும்பிலிருந்து ஆக்கள் வந்து ஒழுங்கை ஒழுங்கையாக விசாரிக்கிறார்கள். கனடாவில் இருக்கிற மகன் "அப்பான்ர காரை வித்துப்போடாதேங்கோ, நான் வந்து செய்விக்கிறன்" என்று போனில் சொல்கிறான். முன்னுக்கு ரிப்பன் கட்டின சொமசெற் ஒன்று இல்லாமல் கலியாண அல்பம் நிறைவதில்லை.

இதோடெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. இந்த வேலையில் இறங்கிய எல்லாரும் வாயில் போட்டு மெல்லுகிற ஒரு சொல்லோடுதான் சண்டை: ஒரிஜினல்.

"ஒரிஜினல் கண்டிசனுக்குக் கொண்டுவந்திட்டம்" என்றால் நடைமுறையில் அதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கோ. 1950களில் இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலைக் கதவைத் தாண்டி வந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவது. அதாவது, அதற்குப் பிறகு எங்கட ஊரில் அது ஓடின அறுபது எழுபது வருடத்தையும் துடைத்துவிடுவது. துருவைத் துடைக்கிற அதே சீலையால் அதையும் துடைத்துவிட்டு, மேலே பளபளவென்று பெயின்ற் அடித்து, பேஸ்புக்கில் 'முன்', 'பின்' என்று இரண்டு படம். அந்த 'முன்' படத்தில்தான் சரித்திரம் இருந்தது என்பது ஒருவருக்கும் உறைப்பதில்லை.

போன வருடம் என் சித்தப்பாவின் மைனரைப் பார்க்க ஒருவர் வந்தார். 948 சிசி எஞ்சின் உள்ள மைனர் 1000. பொனற்றைத் திறந்தவுடன் முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, பொடி நல்லாயிருக்கு. ஆனா உள்ளுக்குக் கண்டபாட்டுக்கு நோண்டியிருக்கிறாங்கள். உந்தக் குப்பையெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு ஒரிஜினலுக்குக் கொண்டுவந்தா நல்ல விலை போகும்" என்றார். அவர் குப்பை என்று சொன்னது இவைதான்: எஞ்சினுக்குப் பின்பக்கத் தகட்டில், பால்மா ரின்னை ஈயம் பற்றவைத்துச் செய்த ஒரு சின்னத் தாங்கி. அதிலிருந்து வருகிற குழாயும் பெரிய தாங்கியிலிருந்து வருகிற குழாயும் சேரும் இடத்தில் பித்தளைத் திருகு ஒன்று. அங்கேயிருந்து காபிறேற்றருக்குப் போகிற செப்புக் குழாய், போகிற வழியில் புகை வெளியேறும் சூடான இரும்போடு ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் போகும். எஞ்சின் தலைக்குக் கீழே ஒன்றுக்குப் பதில் இரண்டு காஸ்கற்.

"அண்ணை, உது குப்பை இல்லை" என்றார் சித்தப்பா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, பொனற்றை மூடினார். அவர் விளக்காததை நான் விளக்குகிறேன்.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது, பற்றறி வராது, உதிரிப்பாகம் வராது. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வரும். அந்த மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள் என்பதை இப்போது எல்லாரும் ஒரு பகிடிக்கதை மாதிரிச் சொல்கிறோம். எப்படி ஓட்டினார்கள் என்பதைச் சொல்கிற ஆக்கள் குறைவு. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஸ்ராட் பண்ண முடியாது. சின்னத் தாங்கியில் இருக்கிற கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நல்லாகச் சூடேறினபின் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிற்பாட்டுவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காபிறேற்றர் கிண்ணத்துக்குள் மண்ணெண்ணெய் தேங்கி, அடுத்த நாள் எத்தனை தரம் ஹாண்டில் போட்டாலும் அசையாது. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசினில் கமக்காரர் எப்பவோ செய்துகொண்டிருந்த வேலைதான் இது. பிரித்தானியாவின் பழைய பேர்கசன் உழவு இயந்திரங்களிலும் இதே இரண்டு தாங்கி ஏற்பாடு உள்ள ரகம் இருந்தது. எங்கட மெக்கானிக்மார் அந்த அறிவைக் காருக்குக் கொண்டுவந்தார்கள்.

செப்புக் குழாய் சூட்டில் சுற்றிப் போவது எரிபொருளை முன்கூட்டியே சூடாக்க. இரட்டைக் காஸ்கற் ஏன்? மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, அமுக்கினால் நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சின் இடிக்கும். ஏ40இன் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேல்தான், அது ஒருமாதிரிச் சமாளிக்கும். மைனரின் 948 எஞ்சினில் எட்டைத் தாண்டின ரகமும் உண்டு. அதைக் குறைக்கத் தலையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், அதற்குத்தான் இரண்டு காஸ்கற். இதை எந்தக் கையேடும் பார்த்துச் செய்யவில்லை. காதால் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்துச் செய்தது. பிற்காலத்து ஜப்பான் கார்களைவிட ஐம்பதுகளின் இங்கிலிஸ் கார்கள் அந்தக் காலத்தைத் தாக்குப்பிடித்ததற்கு இந்தக் குறைந்த அமுக்கமும், பற்றறி செத்தாலும் முன்னால் ஹாண்டில் போட்டுச் சுத்தலாம் என்பதும் பெரிய காரணங்கள். சும்மா ஓடவுமில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பெயாரிங் தேயும். அந்தத் தேய்மானத்தை லேத்காரர் ஈடு செய்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது, இந்த மைனர் அம்மம்மாவையும் நடக்க முடியாத அயலட்டைக் கிழவர் இருவரையும் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனது. அந்தப் பால்மா ரின்னில் இருந்த பெற்றோலில் ஸ்ராட் ஆகித்தான் போனது. இப்ப சொல்லுங்கோ, இந்தக் காரில் எது ஒரிஜினல்?

இந்த 'ஒரிஜினல்' வெறி எந்த நாட்டைப் பார்த்து எங்களுக்கு வந்ததோ அந்த நாட்டிலேயே அதற்குக் கால் இல்லை. இளம் பிள்ளைகள் மொபைலில் பார்த்து ஏங்குகிற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களையே எடுங்கோ. எம்ஜீ என்றால் என்ன? மொறிஸ் கராஜஸ். ஒக்ஸ்போர்டில் மொறிஸ் கார்களை விற்றுத் திருத்திய ஒரு கராஜ். 1920களில் செசில் கிம்பர் என்ற முகாமையாளர் சாதாரண மொறிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் அடிச்சட்டத்துக்கு வேறு பொடி போட்டு, எஞ்சினையும் கொஞ்சம் நோண்டி விற்றதுதான் தொடக்கம். அவரிடம் போய் "உந்தக் குப்பையெல்லாம் கழட்டி எறி" என்று ஒருவர் சொல்லியிருந்தால் எம்ஜீயே பிறந்திராது. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், அதுதான் பொனற்றில் தவளைக் கண் மாதிரி இரண்டு லைற் வைத்த குட்டிக் கார், அதன் எஞ்சின் எங்கட மைனரில் இருக்கிற அதே 948 சிசி. இரண்டு காபிறேற்றர் பூட்டியிருப்பார்கள். ஸ்ரியறிங்கும் மைனரில் இருந்து எடுத்ததுதான். சொமசெற்றின் 1200 சிசி எஞ்சினுக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் உறவுண்டு: அதே எஞ்சினைத்தான் ஜென்சன் கம்பனி செய்த அலுமினியப் பொடிக்குள் வைத்து 'ஏ40 ஸ்போர்ட்ஸ்' என்று விற்றார்கள். கலியாணக் காரின் ஒன்றுவிட்ட சகோதரம் அது.

எம்ஜீபி கதை இன்னும் நல்லது. 1980இல் உற்பத்தி நின்ற கார். 1988 முதல் அதன் முழு உடற்கூட்டையும் புதிதாக அடித்து விற்கிறார்கள். வீட்டுக் கராஜில் அதை இறக்கி, பழைய காரின் எஞ்சினையும் கதவையும் பூட்டி, பழைய நம்பரிலேயே ஓடலாம். அதில் ஒரிஜினல் எங்கே இருக்கிறது, நம்பர் தகட்டிலா? பழைய வாகனங்களுக்கான உலக சம்மேளனமான 'பீவா'வே தன்னுடைய தூரின் சாசனத்தில், ஒரு வாகனம் பாவனையில் இருந்த காலத்தில் அதில் நடந்த மாற்றங்களும் அதன் வரலாற்றின் சாட்சி, அவற்றைத் திரும்ப அகற்றத் தேவையில்லை என்ற கருத்தை வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் கைவிடத் தொடங்கின சாமானை நாங்கள் இப்பதான் தலையில் தூக்கி வைக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றுக்காக இலங்கையிலேயே பொடிப் பாகங்கள் செய்து கப்பலில் அனுப்பினார்கள். தெற்கில் மட்காட் அடித்து இங்கிலாந்துக்குப் போன அதே பத்தாண்டில்தான் வடக்கில் ஒரு சின்ன றபர் வளையத்துக்கும் வழியில்லாமல் ரயர்த் துண்டை வெட்டிப் போட்டார்கள். ஒரே நாட்டில் செய்த இரண்டு வேலை. ஒன்றுக்குப் பெயர் உற்பத்தி, மற்றதுக்குப் பெயர் குப்பை.

நம்பர் தகட்டையும் சும்மா விட ஏலாது. சிங்கள ஸ்ரீ வருமுதல் இருந்த ஆங்கில எழுத்து நம்பருக்கு இந்தச் சந்தையில் தனி மவுசு. "அந்த நம்பர் எண்டா பழசு, ஒரிஜினல்." 1957இலும் 58இலும் அந்த ஒரு எழுத்துக்காகத் தமிழ் ஸ்ரீயை எழுதிக்கொண்டு ஓடிச் சிறைக்குப் போன ஆக்கள் இருந்தார்கள். தகட்டில் தீந்தையால் எழுதின அதுவும் ஒரு மொடிபிகேசன்தான். அப்படியொரு தகடு யாருடைய வீட்டுப் பரணிலாவது கிடந்தால், ஐயோ, தயவுசெய்து சுரண்டிவிடாதேங்கோ.

எல்லா மாற்றத்தையும் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மைனரில் பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளித்திருக்கும். ஒருவரும் எட்டிப்பார்க்காததால் அழுகிப்போகும். முன்சில்லின் அடிப்பூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் ஓட்டத்தில் சில்லு மடிந்து விழும். ஐம்பதுகளின் ட்ரம் பிரேக்கோடு ஏ9இல் சொகுசு பஸ்களுக்கு நடுவே ஓட விரும்புகிறவர் டிஸ்க் பிரேக் போடட்டும், சீற் பெல்ற் போடட்டும். பிள்ளைகளை ஏற்றுகிற காருக்கு அது ஒரிஜினலா என்று கேட்கிறவரின் வாயை அடையுங்கோ. சூட்டிரும்பைச் சுற்றிப் போகிற எரிபொருள் குழாய் இன்றைக்கு ஆபத்து, அதனால் அதன் இணைப்பைக் கழற்றுங்கோ. குழாய் அதே இடத்தில் கிடக்கட்டும். மற்றப் பக்கத்தில் பின்தகட்டையே வெட்டி, ரொயோட்டா எஞ்சினை இறக்கி, கழற்றினதை இரும்புக்கடைக்கு நிறுத்துப் போடுகிற கூட்டம் ஒன்றும் இருக்கிறது. அவர்களோடு வாதாட இடம் போதாது. திரும்பப் பூட்டக்கூடியதாகச் செய், வெட்டாதே, கழற்றினதை எறியாதே, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் வயிறு எரிவது வேறு இடத்தில். இந்தக் குழாயைச் சுற்றினவர், திருகைப் பற்றவைத்தவர், காபிறேற்றர் ஜெற்றை ஊசியால் ஒரு மயிரளவு பெருப்பித்தவர், இவர்களுக்கு இப்ப எழுபது எண்பது வயது. கனபேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது எங்கட தலைமுறை கொஞ்ச நாள் இவர்களை நினைத்தது, "அந்தக் காலத்தில எப்பிடி ஓடினீங்கள்?" என்று கேட்டது. கியூஆர் கோட் வந்தவுடன் மறந்துவிட்டது. போரைப் பற்றி எழுதுகிறோம், கருத்தரங்கு வைக்கிறோம், யார் சுட்டான், யார் செத்தான் என்று கணக்கு வைத்திருக்கிறோம். தடை போட்ட ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிப்போன கார் எப்படி ஓடியது என்பதற்கு ஒரு கோட்டுப் படமாவது எங்களிடம் இருக்கிறதா? இருந்த ஒரே படம் பொனற்றுக்குக் கீழே செம்பிலும் ஈயத்திலும் இருக்கிறது. அதைத்தான் கழற்றி எறியச் சொல்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி அப்பாவின் காரைச் செய்விக்கிற அண்ணைமாருக்கும் ஒன்று. நீங்கள் பெயின்றின் நிறத்துக்கு இங்கிலாந்துக் குறியீட்டு இலக்கம் தேடி இரண்டு கிழமை செலவழிக்கிறீர்கள். சந்தோசம். அதில் ஒரு பின்னேரத்தை ஒதுக்கி, உங்கட அப்பா அந்தக் காரை யாரிடம் விட்டு வேலை செய்வித்தவர் என்று கேளுங்கோ. ஆள் இருந்தால் ஒரு பிளேன்ரீயோடு போய்ப் பொனற்றுக்கு முன்னால் கதிரை போட்டு இருத்துங்கோ. ஸ்பனரைத் தொடுமுன் மொபைலை ஓனில் வைத்து, எந்தக் குழாய் ஏன் எந்தப் பக்கத்தால் போகுது, எந்த ஆணி எந்த வண்டியில் இருந்து வந்தது, சின்னத் தாங்கிக்கு எந்த ரின்னை வெட்டினது, அந்த நேரம் பெற்றோல் ஒரு போத்தல் எங்கே கிடைச்சது, எல்லாத்தையும் கேளுங்கோ. மனிசன் முதலில் வெட்கப்படுவார். "அது சும்மா சமாளிச்சது தம்பி" என்பார். விடாதேங்கோ.