ஆண்டின் முன் ஒரு சுழி

ஆண்டெண்ணை நான்கிலக்கத்தால் எழுதுதல் உலக வழக்கு. அதன்முன் ஒரு சுழியிட்டு, 2000 என்பதை 02000 என்று எழுதுவோரும் உளர். அமெரிக்காவில் 1996இல் தோன்றிய ‘இலாங் நவ்’ அறக்கட்டளையினரே அவர். ‘நெடிய இப்பொழுது’ என்பது அப்பெயரின் பொருள். பதினாயிரம் ஆண்டு ஓடத்தக்க கடிகாரமொன்றைத் தெக்சாசு மலையினுள் அமைக்கும் முயற்சியும் அவர்களதே.

பொருளற்ற சுழிக்கு இத்துணை ஆரவாரமா என நகைப்பார் கணினியின் வரலாற்றை நோக்குக. தொடக்கக் காலக் கணினிகளில் நினைவகம் விலை மிக்கது. ஆதலின் ஆண்டின் முன்னிரண்டு இலக்கங்களை விடுத்து, 1965ஐ 65 என்றே பதிந்தனர். தாம் எழுதிய நிரல் நூற்றாண்டின் இறுதிவரை வாழும் என எண்ணினாரில்லை. 2000 நெருங்கியபோது, ‘00’ என்பதைக் கணினி 1900 எனக் கொள்ளுமே என்னும் அச்சம் எழுந்தது. உலகெங்கும் நிரலர் பல்லாண்டு உழைத்துத் திருத்தினர். மிச்சம் பிடித்த இரண்டு இலக்கத்திற்கு உலகம் இறுத்த வட்டி அது! இன்னும் கடன் தீர்ந்தபாடில்லை. 1970 சனவரி முதல் நாளிலிருந்து நொடிகளை எண்ணிவரும் பழைய கணினிக் கணக்கு, 2038 சனவரி 19இல் இடமின்றி நிரம்பிவிடும்.

இக்குறை நமக்கும் புதிதன்று. பிரபவ முதல் அட்சய ஈறான அறுபதாண்டுச் சுழற்சியில், பாட்டன் பிறந்த ஆண்டின் பெயரே பேரனுக்கும் வந்து வாய்க்கலாம். பெயரை மட்டும் கொண்டு முன்பின் அறிதல் ஒல்லுமோ? பொது ஆண்டுடன் 31 கூட்டிப் பெறும் திருவள்ளுவர் ஆண்டு, அறுபடாது தொடர்வதால் அக்குறையற்றது.

கணினித் திரையில் நாள் தோன்றும் வடிவை மாற்றுதல் எளிது. விண்டோசின் நாள்வடிவ அமைப்பில், ஆண்டுக்குறியின் முன் ஒற்றை மேற்கோளுக்குள் ஒரு சுழியிட்டாற் போதும்.

சுழி தானே அறிவு தந்துவிடாது என்பீராயின், மெய்யே. ஆயினும் நாடொறும் கண்ணிற் படுவது கருத்திலும் படியும். ஏரியைத் தூர்த்து மனையாக்கவும், ஆற்றுமணலை அள்ளவும் இசைவு தரும் ஓலைகள் இன்று கணினியிலேயே எழுதப்படுகின்றன. அவற்றின் தலைப்பில் நிற்கும் நாளில் அவ்வெற்றிடம் தோன்றுமாயின், ஒப்பமிடும் கை ஒருகால் தயங்கும். அவ்விடம் நமக்கு உரியதன்று. இனிப் பிறப்பார்க்கு உரியது. அதனைக் காத்துக் கொடுப்பதே நம் கடன்.