வெள்ளத்துக்குக் கூலி உண்டா?

ஆங்கிலத்தில் எழுதும் கனவான்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பேர் நின்றால் மனிதர்கள் என்பார்கள். பதினாயிரம் பேர் திரண்டுவிட்டாலோ கடல் என்பார்கள், அலை என்பார்கள், வெள்ளம் என்பார்கள். வெறும் அலங்காரம்தானே, இதிலென்ன குற்றம் என்று தோழர்கள் கேட்கலாம். குற்றம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

சார்லஸ் டிக்கன்ஸ் ஏழைகளிடம் இரக்கம் கொண்டவர். சிறுவனாக இருந்தபோதே பூட்ஸ் மை செய்யும் இடத்தில் டப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக் கூலி வாங்கியவர். அப்படிப்பட்டவர் 1859-ல் 'இரு நகரங்களின் கதை' என்ற நாவலை எழுதினார். 1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டையைத் தாக்கும் கட்டம் வந்ததும், பெயர் தெரிந்த சிலரைத் தவிர மற்ற மனிதர்களெல்லாம் அவர் பேனாவிலிருந்து மறைந்து போகிறார்கள். கடல் பொங்குகிறது, அவ்வளவுதான்! அடுத்த அத்தியாயத்தின் தலைப்பிலும் பொங்குவது கடலே.

அந்தக் கடல் யார்? ஜார்ஜ் ரூதே என்ற பிரிட்டிஷ் சரித்திராசிரியர் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டி 1959-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார. கோட்டையைப் பிடித்தவர்களின் ஜாபிதாவில் அறுநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. தச்சர், பூட்டு செய்பவர், செருப்புத் தைப்பவர், சின்னக் கடைக்காரர் - பெரும்பாலும் இவர்களே. பலர் கோட்டையை அடுத்த செயின்ட் ஆன்ட்வான் பேட்டைவாசிகள். அந்த வருஷம் நாலு பவுண்டு ரொட்டி பதினாலரை சூ விற்றது. சாதாரணக் கூலியாளின் ஒரு நாள் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று! கையில் துப்பாக்கி கிடைத்திருந்தது, வெடிமருந்து கோட்டைக்குள் இருந்தது, அதற்காகப் போனார்கள். ஏறக்குறைய நூறு பேர் மடிந்தார்கள்.

கடலுக்கு ரொட்டி விலை தெரியுமா? அலைக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா?

1978-ல் மார்கரெட் தாட்சர் டெலிவிஷன் பேட்டி ஒன்றில், வேறு கலாச்சாரத்தாரால் நாடு மூழ்கிவிடுமோ என்று ஜனங்கள் அஞ்சுவதாகச் சொன்னார். மூழ்கடிக்க வந்தவர்கள் யார்? பஞ்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள், வார்ப்படச் சாலையில் வெந்தவர்கள், பஸ் ஓட்டியவர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் துடைத்தவர்கள். வெள்ளம் என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு வாதம் எதற்கு? கரை போடவேண்டும், மதகை அடைக்கவேண்டும். அடைத்தார்கள். அவர் பிரதமரான பின் 1981-ல் வந்த சட்டம், பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற பழைய ஏற்பாட்டை ஒழித்தது.

நாம் மட்டும் யோக்கியமா என்று யாராவது கேட்டால் நியாயமே. 'மக்கள் வெள்ளம்' என்று நமது போஸ்டரிலும் அச்சடிக்கிறோம். ஆற்றில் தண்ணீர் வந்தால் குலவையிடுகிற விவசாயத் தொழிலாளிக்கு அந்தச் சொல் பயமல்ல, சந்தோஷம். அதனால் அதை விட்டுவிட நமக்கும் மனமில்லை. ஆனால் ஊர்வலச் செய்தி எழுதும் தோழர்கள் வெள்ளம் என்பதோடு பேனாவை மூடிவிட வேண்டாம். எந்த ஆலை, எந்தக் கிராமம், பெண்கள் எத்தனை பேர், எவ்வளவு கூலி கேட்டு வந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். இடம் போதாவிட்டால் தலைவர்களின் பேச்சைச் சுருக்கிக் கொள்வோம்.