சாஸ்கியாவின் உயிலும் இன்றைய டச்சுச் சட்டமும்

1642ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஓவியர் ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியா, தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு ஆம்ஸ்டர்டாமில் ஓர் உயில் எழுதுவித்தார். சொத்தில் தமக்குரிய பாதி, ஒன்பது மாதக் குழந்தையான டைட்டஸுக்கு. அதை அனுபவிக்கும் உரிமை கணவருக்கு, ஆனால் அவர் மறுமணம் செய்துகொள்ளாத வரையில் மட்டும். பின்னாளில் ஹெண்ட்ரிக்கியே ஸ்டோஃபல்ஸுடன் வாழ்ந்த ரெம்பிராண்ட் அவரை மணக்காமல் இருந்ததற்கு இந்நிபந்தனையே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அவ்வாழ்வுக்காக 1654இல் திருச்சபை கண்டித்தது ஹெண்ட்ரிக்கியேயை. உயிலில் பெயரே இல்லாத ஒருத்தி அதன் விலையைக் கொடுத்தாள்.

எஞ்சியிருக்கும் துணைக்கா, பிள்ளைக்கா என்னும் இப்பழைய வழக்கிற்கு நெதர்லாந்து இன்று சொல்லும் விடை, 2003 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்து முழுவதும், கடன்களோடு சேர்த்து, கணவனுக்கோ மனைவிக்கோ போய்விடும். பிள்ளைகளுக்கும் சம பங்கு உண்டு; ஆனால் அது பொருளாக அன்று, வரவேண்டிய கடனாக. மூன்று லட்சம் யூரோ மதிப்புள்ள வீடு தம்பதியர் இருவருக்கும் பொது என்று கொள்வோம். தந்தை இறந்தால் அவருடைய பாதியான 1,50,000 யூரோ, தாய்க்கும் இரு பிள்ளைகளுக்குமாக மூன்றாகும். வீடு தாயுடையது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் 50,000 யூரோ கடன்பட்டவர் ஆகிறார். அக்கடன் பொதுவாகத் தாயின் மறைவுக்குப் பிறகே வசூலாகும். அதற்குள் அவர் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் வசூலிக்க ஏதும் இராது.

பெற்ற பிள்ளையைக் கடன்காரனாக வாசலில் நிறுத்தலாமா என்று கேட்பார் உண்டு. நிறுத்தலாம் என்பதே எம் கருத்து. வாழ்ந்த வீட்டிலிருந்து முதியவளை எழுப்பிவிட்டுப் பங்கு பிரிப்பதைவிட, இளையவர் காத்திருப்பது மேலானது. சாஸ்கியாவின் அச்சத்தையும் சட்டம் மறந்துவிடவில்லை. தாய் மறுமணம் செய்ய முற்பட்டால், தம் கடனுக்கு ஈடான பொருள்களின் உடைமையைத் தம் பெயருக்கு மாற்றுமாறு பிள்ளைகள் கேட்கலாம். அனுபவ உரிமையைத் தாய் வைத்துக்கொள்ளலாம். திருமணத்துக்குத் தடையில்லை, பிள்ளைக்கும் இழப்பில்லை. 1642இல் இதை யாரேனும் யோசித்திருக்கலாம்!

உயிலால் பிள்ளையை விலக்கினாலும் முழுவதுமாக விலக்க முடியாது. தன் இயல்பான பங்கில் பாதியை அவன் பணமாகக் கோரலாம். மேற்சொன்ன கணக்கில் அது 25,000 யூரோ. இறப்பு நேர்ந்து ஐந்தாண்டுகளுக்குள் கோராவிட்டால் அதுவும் போயிற்று.

எமக்குப் பொறுக்காதது வேறொன்று. திருமணமோ பதிவு செய்த துணைமையோ இன்றி முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவருக்கு, உயில் இல்லையேல், வாரிசாக இச்சட்டம் ஒரு காசும் தருவதில்லை. இறந்தவரின் வீட்டில் ஆறு மாதம் தங்கலாம், அவ்வளவே. ஹெண்ட்ரிக்கியேக்கள் இன்றும் வெளியில்தான் நிற்கிறார்கள். இப்படிச் சேர்ந்து வாழும் நண்பர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: நாளையே நோட்டரியிடம் போங்கள். வீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்த தாள் அங்கே உயிலாகாது. நோட்டரி முன்னிலையில் எழுதப்பட்டு, அச்செய்தி மத்திய உயில் பதிவேட்டில் ஏறவேண்டும்.

இவ்விதிக்கு ஒரு சிறு விலக்கு உண்டு. நம்மைப் போன்றோருக்கு அது இனிக்கும். உடை, நகை, வீட்டுச் சாமான், குறிப்பிட்ட நூல்கள் ஆகியவற்றை இன்னாருக்கு என்று, முழுவதும் தம் கையால் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டால் போதும், நோட்டரி வேண்டியதில்லை. நூல்களைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பணத்தை மட்டும் அத்தாளில் எழுதிப் பயனில்லை. தாள் பதிவேட்டில் ஏறாது என்பதால், அது எந்த அலமாரியில் இருக்கிறதென்று நூல்களைப் பெறப்போகிறவரிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.