கதவு இருபுறமும் அடைத்திருக்கிறது

துரூஸ் மதத்து ஆண் எந்த மதத்துப் பெண்ணையும் கட்டிக்கொள்ளலாம், தடை பெண்ணுக்கு மட்டும்தான் என்று சொல்லும் கட்டுரைக்குப் போன மாதம் பரிசு கொடுத்திருக்கிறார்கள். நடுவர்கள் பாராட்டியதும் அந்த இடத்தைத்தான். அது பிழை.

வேதக்காரப் பெண்ணை, அதாவது யூத, கிறிஸ்தவப் பெண்ணை, முஸ்லிம் ஆண் மணக்கலாம் என்பது சுன்னி மரபு. அதைத் தூக்கி, துரூஸ்கள் வாழும் லெபனானின் ஷூஃப் மலைமேல் வைத்துவிட்டார் கட்டுரையாளர். துரூஸ்கள் 1043இல் கதவை அடைத்தவர்கள். மதம் மாறி வருகிறேன் என்று எந்த மணமகளும் அங்கே சொல்ல முடியாது. துரூஸ் உயிர் துரூஸ் உடம்பில்தான் மறுபடி பிறக்கும் என்பது நம்பிக்கை. தாய் தகப்பன் இருவருமே துரூஸாக இருக்க வேண்டும். 1948இல் லெபனானில் வந்த அவர்களுடைய குடும்பச் சட்டம் இரண்டாம் தாரத்தைத் தடுத்தது, விலக்கிய மனைவியை மறுபடி சேர்த்துக்கொள்வதையும் தடுத்தது. அகமணம் நிற்க ஆணையும் கட்டிப்போட வேண்டும் என்று 1916இல் அம்பேத்கர் காட்டியதைப் படித்தவர்கள் இதை எப்படித் தவறவிட்டார்கள்?

வெளியே மணந்தவனின் பிள்ளையை அரசுப் பதிவேடு தகப்பன் பெயரில் துரூஸ் என்று எழுதுகிறது. கல்வா என்னும் வழிபாட்டு இல்லத்தில் உட்காரும் வெள்ளைத் தலைப்பாகைப் பெரியவர்களுக்கு அந்தப் பிள்ளை துரூஸ் அல்ல. எழுத வேண்டியது இந்தப் பிள்ளையைப் பற்றி.

தண்டனை சமம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளியே மணந்த துரூஸ் ஆண் ஊரைவிட்டுப் போய்ப் பிழைத்துக்கொள்கிறான். பெண் மணந்தால் அப்படி இல்லை. 2013இல் லெபனானின் பைசூரில், துரூஸ் பெண்ணை மணந்த சுன்னி இளைஞனின் உறுப்பைப் பெண் வீட்டார் அறுத்தார்கள். விதி ஒன்றாக இருந்தும் அடி வேறாக விழுகிறதே, அதுதான் கொடுமை.

பாடகி அஸ்மஹானை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. துரூஸ்களின் அத்ராஷ் குடும்பத்துப் பெண். முதலில் உறவுக்காரரை மணந்தார், பிறகு கெய்ரோவில் வெளியாரை. வியன்னா இரவைப் பற்றி அவர் பாடிய பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் அண்ணன் ஃபரீத். குரல் மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் நிற்கும் இடத்தை முப்பது வருடமாகக் கேட்கிறோம். அந்தப் பாட்டு இடம்பெற்ற படம் முடியுமுன், 1944இல், கால்வாயில் கார் விழுந்து இறந்துபோனார். ஃபரீத் கடைசிவரை மணம் செய்துகொள்ளவே இல்லை.

கோபம் மலைமேல் மட்டும் போகக் கூடாது. லெபனானில் மதம் சாராத திருமணச் சட்டம் இன்றுவரை இல்லை. 2009 முதல் பதிவேட்டில் மதப் பிரிவை அடித்துவிடலாம். உள்நாட்டில் கல்யாணம் என்று வந்தால் பெரும்பாலும் மறுபடி மதத் தலைவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அதனால் துரூஸ் பையனும் மாரோனைட் கிறிஸ்தவப் பெண்ணும் பெய்ரூத்தில் விமானம் ஏறுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சைப்ரஸ். நகராட்சி மண்டபத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்புகிறார்கள். தன் மண்ணில் நடத்தித் தர மறுத்த அரசு அந்தக் காகிதத்தை வாங்கிப் பதிந்துகொள்கிறது.